கூரை இறக்கிய கார்கள்

கல்யாணமாகி நான் தியாகராய நகருக்கு வந்தபோது எழுபதுகள் தொடங்கியிருந்தன. பாண்டி பஜாரை ஒட்டிய தெருவொன்றில் மாமனாருக்கு ஜவுளிக்கடை. கீழே கடை, அதற்கு மேல் துணி மூட்டைகள் அடுக்கும் கிடங்கு, அதற்கும் மேல் வீடு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து காலூன்றிய குடும்பம். என் கணவர் இரண்டாவது மகன். சட்டைத்துணிப் பிரிவு அவர் பொறுப்பு. அதிகம் பேசமாட்டார். முதல் சில வாரங்களில் அவர் என்னிடம் கேட்டதெல்லாம் சாப்பிட்டாயா, ஊருக்குக் கடிதம் போட்டாயா என்பதுதான்.

எங்கள் அறையில் பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு மர அலமாரி இருந்தது. அதன் தட்டுகளில் கார்கள் நின்றன. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளமானவை. நம் ஊர்த் தெருக்களில் ஓடும் கார்கள் மாதிரி இல்லை. கூரை பாதியாகத் தணிந்து, முன்மூடி இல்லாமல் இன்ஜின் வெளியே தெரிய, முன்சக்கரம் சின்னதும் பின்சக்கரம் பெரியதுமாக, ஏதோ பாயப்போகிற பிராணிபோல இருந்தன. சிலவற்றின் மூக்கிலிருந்து நெருப்பு ஜ்வாலைகள் பின்னோக்கி வரையப்பட்டிருந்தன. கடையில் வாங்கிய பொம்மைகள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஒருநாள் தூசி தட்டும்போது ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பினேன். அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. வெறும் அட்டை. பென்சில் கோடுகூடக் கிடையாது. அடுத்ததை எடுத்தேன். அதுவும் அப்படித்தான். எல்லாக் கார்களும் ஒரு பக்கம் மட்டும் முடிக்கப்பட்டு, மறுபக்கம் சுவரைப் பார்த்து நின்றன.

மதியம் அவர் சாப்பிட வந்தபோது கேட்டேன்.

“இதெல்லாம் நீங்க செஞ்சதா?”

“ஆமா.”

“ஏன் பாதியில விட்டிருக்கீங்க?”

“பாதியில விடல. புத்தகத்துல அந்தப் பக்கம் போடல.”

சாப்பிட்டு முடித்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்தார். உள்ளே அமெரிக்கப் பத்திரிகைகள், பெரும்பாலானவை ஐம்பதுகளைச் சேர்ந்தவை. பழைய கார்களை வாங்கி, வெட்டி, ஒட்டி, வேகமாக ஓடும்படி மாற்றுகிற இளைஞர்களுக்கான பத்திரிகைகள் அவை. இந்தக் கார்களுக்கு ஹாட் ராட் என்று பெயர். அடையாறு, போட் கிளப் பக்கம் குடியிருந்த வெளிநாட்டுக்காரர்கள் ஊர் திரும்பும்போது பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டுப் போனவை, மயிலாப்பூர் லஸ் முனையில் நடைபாதைப் புத்தகக் கடைக்கு வந்து சேரும். பள்ளிக்கூடம் படித்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய்ப் பொறுக்கி வந்திருக்கிறார்.

கார் செய்வதற்கான சாமான்கள் எல்லாம் கடையிலேயே கிடைத்தன. உடம்புக்குச் சட்டைப் பெட்டியின் அட்டை. கண்ணாடிக்கு அதன் மேல்மூடி பிளாஸ்டிக். சக்கரத்துக்குத் தையல் நூல் சுற்றி வரும் மரக்கட்டை, அதன்மேல் சைக்கிள் டியூப் ரப்பர். புகைக்குழாய்க்கு மை தீர்ந்த பேனா ரீபிள். இவற்றை வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டி, சாக்பீஸ் தூளையும் பசையையும் குழைத்துப் பூசி, உப்புத்தாளால் தேய்த்து, அது வழவழப்பானதும் பெயிண்ட் அடிப்பார். நிஜக் காரின் ஓர் அடிக்கு இங்கே அரை அங்குலம். படத்தில் காருக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளை ஆறடி என்று வைத்துக்கொண்டு மற்ற அளவுகளைக் கணக்கிடுவார்.

நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவள். அந்த வீட்டில் அதற்கு வேலை எதுவும் இல்லாமல் இருந்தது. பொழுது போகாமல் அந்தப் பத்திரிகைகளை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். பாதி வார்த்தைகள் அகராதியில் இல்லை. இரண்டு மூன்று இதழ்களைப் புரட்டிய பிறகு தானாகவே பிடிபட்டது. அப்படிப் படித்தபோதுதான் தெரிந்தது, அவர் இத்தனை வருஷமாகப் படங்களை மட்டுமே பார்த்திருக்கிறார். எழுத்துக்களைத் தொட்டதே இல்லை.

அவர் அப்போது ஒரு சிவப்புக் கார் செய்துகொண்டிருந்தார். கதவே இல்லாத கார். ஓட்டுகிறவன் சுவர் ஏறுகிற மாதிரி ஜன்னல் வழியாக ஏறிக் குதித்துத்தான் உள்ளே போகவேண்டும் என்று நினைத்திருந்தார்.

“இதுக்குக் கதவு இருக்கு” என்றேன்.

“எங்க?”

“அந்தப் பக்கம். இடது கதவை வெல்டிங் பண்ணி மூடிட்டானாம். வலது கதவு வழியாத்தான் ஏறுவானாம். எழுதியிருக்கு.”

கையிலிருந்த பிளேடைக் கீழே வைத்துவிட்டு, “முழுசும் படி” என்றார்.

படித்தேன். கூரையை எத்தனை அங்குலம் வெட்டி இறக்கினான், இன்ஜினை எந்த மாதிரி வண்டியிலிருந்து கழற்றினான், சீட்டுக்கு என்ன துணி போட்டான் என்று எல்லாம் அதில் இருந்தது. அந்தக் காரைச் செய்தவன் ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்க்கிறவன் என்பதும் இருந்தது. அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு, சீட்டுக்கு வெள்ளை ரெக்சின் என்று வந்த இடத்தில், “நான் கறுப்புன்னு நினைச்சேன். நிழல் விழுந்திருக்கு” என்றார்.

அதன்பின் மறுபக்கத்தையும் செய்வது என்று முடிவானது. ஆனால் புகைக்குழாய்களில் வந்து நின்றது. படத்தில் தெரிந்த பக்கத்தில் நான்கு குழாய்கள் இருந்தன. எட்டு சிலிண்டர் இன்ஜின் என்று எழுதியிருந்ததால், அந்தப் பக்கமும் நான்கு இருக்கும், இதைப் பார்த்து அதையும் செய்துவிடலாம் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தெரிந்த பக்கத்தில் ஒரு குழாய் காரணமில்லாமல் வளைந்து போயிருந்தது. அந்தப் பக்கமும் வளைகிறதா இல்லையா என்று யார் சொல்வது? பார்க்காததைச் செய்யமாட்டேன் என்றார். நான் பிடிவாதம் பிடித்தேன். கல்யாணமான பிறகு நாங்கள் போட்ட முதல் சண்டை இதுதான். மாமியார் கதவருகில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சைதாப்பேட்டையில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் யாரோ சினிமாக்காரரின் பழைய அமெரிக்கக் கார் ரிப்பேருக்கு நிற்பதாகக் கடை டிரைவர் சொன்னார். கடை அடைத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனோம். மெக்கானிக் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, தெருவையும் எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார், வண்டி எங்க கீது?”

“வண்டி இல்ல. உங்ககிட்ட நிக்கிற இன்ஜினைக் கொஞ்சம் பார்க்கணும்.”

“வாங்கப் போறியா?”

“அட்டையில செய்யப் போறார்” என்றேன் நான்.

அவர் சிரித்துக்கொண்டே பானட்டைத் தூக்கி நிறுத்தினார். “பாத்துக்கோ நைனா. கைய மட்டும் வெச்சுடாத, சுடும்.”

என் கணவர் குனிந்தவர் நிமிரவே இல்லை. இந்தப் பக்கம் பார்த்தார், சுற்றிப் போய் அந்தப் பக்கம் பார்த்தார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு விரலால் காட்டினார். இடதுபக்க ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கம்பி இன்ஜினை ஒட்டிக் கீழே இறங்கியது. அதற்கு வழிவிடத்தான் அங்கே குழாய் வளைந்திருந்தது. வலப்பக்கம் கம்பி கிடையாது, குழாய்களும் நேராகவே போயின.

“நாலு இருக்குன்னு நீ சொன்னது சரி” என்றார் திரும்பி வரும் பஸ்ஸில். “ஆனா உன் பேச்சைக் கேட்டிருந்தா நாலுல ஒண்ணு தப்பா இருந்திருக்கும்.” அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

அந்தச் சிவப்புக் கார் மழைக்காலத்துக்கு முன்பே முடிந்தது. கதவை நான் வெட்டினேன். வெள்ளை சீட்டை என் பழைய கைப்பையிலிருந்து தைத்தேன். ஜ்வாலைகளின் ஓரக்கோடு மட்டும் என் நகப்பூச்சு. எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அது காராக இருந்தது.

தீபாவளி வியாபாரம் சூடு பிடித்த நேரம், மூத்தவர், அதாவது என் கணவரின் அண்ணன், அறைக்கு வந்தபோது அதைப் பார்த்தார். கடை வாசலில் கண்ணாடி ஷோகேஸ் உண்டு. புது மோஸ்தர் சட்டை போட்ட பொம்மையின் காலடியில் இந்தக் காரை வைத்தால் கூட்டம் வரும் என்றார். என் கணவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. அண்ணன் எடுத்துக்கொண்டு போனார்.

கூட்டம் வந்தது உண்மை. காலேஜ் பையன்கள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார்கள். அவர்களைத் தாண்டிக் கடைக்குள் நுழையப் பெண்கள் தயங்கினார்கள். மாமனார் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மாலையில் மூத்த மகனிடம் கேட்டார்.

“ஏலே, இவனுவ துணி எடுக்க வாரானுவளா, வேடிக்கை பாக்க வாரானுவளா?”

“நாளைக்கு எடுப்பான்ப்பா.”

“நாளைக்கு எடுப்பானாம்! இன்னைக்கு எடுக்க வந்தவ திரும்பிப் போறா.”

ஆனாலும் காரை எடுக்கவில்லை. வெளியே ஐப்பசி மழை விடாமல் கொட்டியது. உள்ளே பொம்மைக்கு வெளிச்சம் காட்டப் பெரிய குண்டு பல்புகள் எரிந்துகொண்டே இருந்தன. ஈரமும் சூடும் சேர்ந்து வஜ்ஜிரத்தை இளக்கிவிட்டன. ஒருநாள் காலை ஷட்டரைத் தூக்கியபோது கார் வயிறு தரையில் பட உட்கார்ந்திருந்தது. முன்கண்ணாடி சுருண்டு போயிருந்தது. கதவு தனியாகப் பெயர்ந்து பொம்மையின் செருப்பருகே கிடந்தது. பெயிண்டில் கொப்புளங்கள்.

நான் மேலே இருந்தேன். கடைப் பெண் ஓடிவந்து சொல்லி இறங்கிப் போனபோது, என் கணவர் வாடிக்கையாளர் ஒருவருக்குத் துணி அளந்துகொண்டிருந்தார். மீட்டர் கோலைத் துணியில் வைத்து, கிழித்து, மடித்து, அடுத்தவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அண்ணன்தான் பெயர்ந்த கதவைக் கையில் எடுத்தபடி நின்றார். “பல்பு சூடு இப்படிப் பண்ணும்னு எனக்குத் தெரியாதுடா” என்றார். “எனக்கும் தெரியாது” என்று சொல்லிவிட்டு இவர் அடுத்த துணித் தானை இறக்கினார்.

மிச்சத்தை ஒரு சட்டைப் பெட்டியில் போட்டு மேலே கொண்டுவந்து வைத்தேன். அவர் அதைத் திறக்கவில்லை. தீபாவளி போனது, பொங்கல் போனது. அவர் பிளேடைத் தொடவில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் லஸ் பக்கமும் போகவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் சொல்வார், அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

வெயில் காலத்தில் நான் உண்டாகியிருந்தேன். படியேறி இறங்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவைப் பார்ப்பேன். கறுப்பு உடம்பும் மஞ்சள் கூரையுமாக டாக்ஸிகள் போய்வந்தன. அவற்றின் கூரையை இறக்கினால் எப்படியிருக்கும் என்று ஒருநாள் தோன்றியது. அட்டையை எடுத்து வெட்ட ஆரம்பித்தேன்.

அவர் பார்த்தார். முதல் நாள் அப்படியே கடைக்கு இறங்கிப் போனார். மறுநாள் நின்றபடியே கேட்டார்.

“என்ன வண்டி?”

“டாக்ஸி.”

“டாக்ஸியை யாராவது இப்படி வெட்டுவாங்களா?”

“நான் வெட்டுறேன்.”

“சக்கரத்துக்கு மேல வளைவு இப்படி வராது. கண்ணால பார்த்து வெட்டினா இப்படித்தான்.”

“அப்ப அளந்துட்டு வாங்க.”

பனகல் பார்க் அருகே டாக்ஸி ஸ்டாண்டு. கடையில் உடம்பு அளவெடுக்கும் நாடாவை எடுத்துக்கொண்டு அவர் போனதை மறுநாள்தான் சொன்னார். வரிசையில் கடைசியாக நின்ற வண்டியின் நீளத்தை அவர் குனிந்து அளந்துகொண்டிருந்தபோது, டிரைவர் பின் சீட்டிலிருந்து எழுந்து உட்கார்ந்தாராம்.

“இன்னா சார், வண்டிக்குச் சட்டை தைக்கப் போறியா?”

அவர் அந்தக் குரலிலேயே சொல்லிக் காட்டினார். எனக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அவரும் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து மாமியார் பார்த்ததில்லைபோலும், அடுப்படியிலிருந்து வந்து நின்று எங்களைப் பார்த்தார்.

டாக்ஸியை இருவருமாகச் செய்தோம். இந்தத் தடவை வஜ்ஜிரம் இல்லை. டால்டா டின்னை வெட்டி, மூலைகளை ஈயம் வைத்து ஒட்டினார். இன்ஜின் மூடியை எடுத்துவிட்டோம். கறுப்பு உடம்பில் மஞ்சள் ஜ்வாலைகள் வரைந்தோம். கூரையை எவ்வளவு இறக்குவது என்பதில் மட்டும் ஒத்துப்போகவில்லை. உள்ளே பயணி உட்கார இடம் வேண்டும் என்றார் அவர். யாரும் ஏறப்போவதில்லை என்றேன் நான். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு வைத்தோம்.

வளைகாப்புக்கு முன்னால் அது முடிந்தது. ஸ்டாண்டில் காட்டிவிட்டு வருகிறேன் என்று ஒரு சாயங்காலம் துணிப்பையில் போட்டு எடுத்துப் போனார். அந்த டிரைவர் அதைத் தன் வண்டியின் முன்பகுதியில் வைத்துக் குனிந்து பார்த்தாராம். மற்ற டிரைவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் கூரையைத் தடவிப் பார்த்து, மழையில் தலை நனையாது, ஆனால் கழுத்து ஒடியும் என்றார்.

“எல்லாம் சரியாத்தான் கீது” என்று அந்த டிரைவர் கடைசியில் சொன்னார். “மீட்டர் எங்க சார்? மீட்டர் இல்லாம எப்புடி ஓட்றது?”

இருவருமே அதை மறந்திருந்தோம். அன்று இரவு சாப்பாட்டுக்கு முன்பே தீப்பெட்டியின் ஓரத்தை வெட்டிச் சின்னதாக ஒரு பெட்டி செய்தார். அதன் கொடிக்கு நான் தகரத் துண்டு ஒன்றை நறுக்கிக் கொடுத்தேன். கொடி நிமிர்ந்திருந்தால் வண்டி காலி, சாய்ந்திருந்தால் உள்ளே சவாரி. நிமிர்த்தி வைப்பதா, சாய்த்து வைப்பதா என்று கேட்டார்.

நிமிர்த்தியே வையுங்கள் என்றேன்.