பத்துப் பேர் எழுதிய தேர்வு

ஐரின் டீச்சருக்குப் பொய் சொல்ல வராது என்று ஊரில் நம்பினார்கள். அவரும் அப்படித்தான் நம்பியிருந்தார். இருபத்தாறு வருட வேலையில், வராத பிள்ளைக்கு ஒரு நாள்கூட வருகை போட்டதில்லை. திண்டுக்கல்லில் காலை ஏழே காலுக்குப் பஸ் ஏறி, நிலக்கோட்டையில் இறங்கி, மார்க்கெட்டில் பூவை இறக்கிவிட்டு ஊர் திரும்பும் பெண்களோடு மினி பஸ்ஸில் வந்து சேருவார். பள்ளியில் ஆசிரியர்கள் இரண்டே பேர். நாலும் ஐந்தும் தலைமையாசிரியர் சகாயராஜுக்கு, ஒன்று முதல் மூன்று வரை ஐரினுக்கு. கேட்க ஆளில்லாத இடத்தில் ஒருவர் நல்லவராக இருப்பது அவ்வளவு கடினமில்லை.

போன வருடம்தான் கேட்க ஆள் வந்தது. மூன்றாம் வகுப்பு மாநில அடைவுத் தேர்வின் முடிவை ஒன்றியக் கூட்டத்தில் திரையில் போட்டார்கள். கடைசி வரி அவர்கள் பள்ளி, சிவப்பு எழுத்தில்.

"இந்த ஸ்கூல் டீச்சர் யாரும்மா? எந்திரிங்க, எல்லாரும் பாக்கட்டும்" என்றார் வட்டாரக் கல்வி அலுவலர்.

ஐரின் எழுந்தார். அலுவலர் அவரை உட்காரச் சொல்ல மறந்து வேறு பேச்சுக்குப் போய்விட்டார். பக்கத்தில் இருந்தவர் முந்தானையைப் பிடித்து இழுத்த பிறகுதான் ஐரின் உட்கார்ந்தார்.

இந்த வருடம் மூன்றாம் வகுப்பில் பதினொரு பேர். பத்துப் பேர் எப்படியோ தேறிவிடுவார்கள். பதினொன்றாவது தமிழ்மதி. விடியற்காலையில் அம்மா பழனியம்மாளோடு மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுத்துவிட்டு வருவாள். பதினோரு மணிக்குக் கண் சொருகும். எழுத்துகளைத் தனித்தனியே சொல்வாள், கூட்டிப் படிக்க வராது. அவள் மக்கு இல்லை. மூன்று வகுப்பையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு, படிக்கிற பிள்ளைகளோடு போவதே ஐரினுக்குச் சுலபமாக இருந்தது. அப்படியே மூன்று வருடம் போயிற்று.

தேர்வுக்கு முந்தின நாள் சகாயராஜ் பெயர்ப்பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டே, "வராத பிள்ளை சராசரில சேராது டீச்சர்" என்றார். எதற்குச் சொல்கிறார் என்று ஐரின் கேட்கவில்லை. கேட்டால் அவர் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கும்.

சாயங்காலம் பள்ளி வாசலில் பழனியம்மாளைப் பார்த்தார்.

"பிள்ளைக்கு மேலெல்லாம் சுடுதும்மா. நாளைக்கு அனுப்பாதீங்க, வீட்ல இருக்கட்டும்."

பழனியம்மாள் மகளின் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியலையே டீச்சர்?"

"உள்காய்ச்சலா இருக்கும்."

அவ்வளவுதான். மறுநாள் வெளியிலிருந்து வந்த பயிற்சி ஆசிரியை பத்துப் பேருக்குத் தாள் கொடுத்தாள், பத்தைத் திரும்ப வாங்கினாள். வராத பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னபோது ஐரினின் குரல் பிசகவில்லை. அதுதான் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாம் நாள் பழனியம்மாள் ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்தாள்.

"நீங்க சொன்னதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல டீச்சர். போன மாசந்தான எங்க தெருவுல ஒரு பிள்ள டெங்குல கெடந்துச்சு. பூவுக்குக்கூடப் போகாம இவளத் தூக்கிக்கிட்டு ஓடுனேன். ரத்தத்தப் பாத்துட்டு ஒண்ணுமே இல்லைங்கறாக. டாக்டரம்மா வையுது. எங்க டீச்சர் சொன்னா சரியாத்தேன் இருக்கும், நல்லாப் பாருங்கன்னு சண்ட போட்டுல்ல ரெண்டாந்தடவ எடுக்க வச்சேன்!"

தமிழ்மதி முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். ஊசி குத்திய இடம் நீலம் பாரித்திருந்தது.

"ஒண்ணுமில்லன்னுட்டாக. காச்ச தன்னால எறங்கிருச்சு போல. இருந்தாலும் பெத்தவ எனக்குத் தெரியாதது ஒங்களுக்குத் தெரிஞ்சிச்சு பாத்தீகளா" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

ஐரின் அன்று மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை.

அடுத்த மாதம் முடிவு வந்தது. பள்ளி ஒன்றியத்தில் ஏழாவது. அதே அறை, அதே அலுவலர். இந்த முறை எழுந்து நிற்கச் சொன்னது பொன்னாடை போட. "எப்படிம்மா சாதிச்சீங்க? நாலு வார்த்தை பேசுங்க" என்று மைக்கைக் கொடுத்தார்.

"நான் ஒண்ணும் பெருசாச் செய்யல சார்" என்றார் ஐரின். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள். போன வருடம் நின்றபோது தலை குனிந்திருந்தாலும் உள்ளே ஏதோ ஒன்று நேராக இருந்தது. இப்போது அது இல்லை.

தவக்காலம். வெள்ளிக்கிழமை மாதா கோயிலில் அந்தப் பொய்யைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். சாமியார் ஐந்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி மன்னிப்பளித்தார். வீட்டுக்கு வரும் வழியிலேயே அது போதவில்லை என்று தெரிந்துவிட்டது. சாமியாருக்கு ஊசி குத்தவில்லையே.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் பழனியம்மாள் வீட்டுக்குப் போனார். அவள் வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். தமிழ்மதி பக்கத்தில் இருந்தாள். ஐரின் உட்காரவில்லை.

"அன்னைக்கு உங்க பிள்ளைக்குக் காய்ச்சலே இல்லம்மா. நான் பொய் சொன்னேன். அவ எழுதுனா ஸ்கூல் மார்க் கொறஞ்சிரும்னு நிப்பாட்டினேன்."

வசவு வரும், ஊரைக் கூட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தார். உண்மையில் அதற்குத்தான் வந்திருந்தார். பழனியம்மாள் அரிவாள்மனையிலிருந்து நிமிர்ந்து, பெருமூச்சு விட்டுச் சிரித்தாள்.

"ஆத்தாடி, இம்புட்டுத்தானா? ஒங்க மூஞ்சியப் பாத்து என்னமோ ஏதோன்னு பதறிட்டேன். இவளுக்குப் படிப்பு ஏறலன்னு எங்களுக்குத் தெரியாதா? அன்னைக்கே சொல்லியிருந்தா ஆஸ்பத்திரிக்கு அலையாம பூவெடுக்கவாச்சும் போயிருப்போம்ல."

"ரெண்டு தடவ ஊசி குத்தி…"

"அது கெடக்கு. அடுத்த பரிச்ச எப்பன்னு முன்னக்கூட்டியே சொல்லிவிடுங்க. நானே நிப்பாட்டிக்கிறேன். எங்களால ஒங்களுக்கு ஒரு கெட்ட பேரு வரலாமா?"

"நான் வரமாட்டேன் டீச்சர்" என்றாள் தமிழ்மதி. பெரியவரைத் தேற்றுகிற குரல் அது.

"இல்ல, அவ வரணும். எல்லாப் பரிச்சைக்கும் அனுப்பணும்."

"எதுக்கு டீச்சர்?" என்றாள் பழனியம்மாள்.

குத்தலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மூன்று வருடமாக இந்த வீட்டுக்கு அந்தப் பதிலைச் சொல்லியிருக்க வேண்டியவர் வாசலில் நின்று தேடினார். பழனியம்மாள் அரிவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.