பக்கத்து அறையில் சிமேனா

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. சிலி நாட்டு வால்டிவியாவில், ஜூலை மழை கொட்டிய ஒரு மதியத்தில், நவேல் கரிமானுக்கு நடந்தது. பேய் வர இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது?

நவேல், ஒரு தீவில் கிராம மருத்துவராக இருந்துவிட்டு, நாற்பது வயதில் அறுவை சிகிச்சை படிக்க வந்தவர். அந்தப் படிப்பில் வருடங்கள் ஓடினால் மட்டும் தேர்ச்சி கிடையாது. இவரைத் தனியே விடலாம் என்று, மதிப்பிடும் மூத்த மருத்துவர் நம்ப வேண்டும். முதலில் அவர் அருகிலேயே நிற்பார். பிறகு பக்கத்து அறைக்குப் போய்விடுவார். தேவையில்லாமல் அவரைக் கூப்பிடாமல் முடித்தால்தான் அடுத்த படி.

நவேலின் கை தேர்ந்த கைதான். மனசுதான் பயந்தாங்கொள்ளி. துளி ரத்தம் கசிந்தாலும் சிமேனாவைக் கூப்பிட்டுவிடுவார்.

சிமேனா ஒபாந்தோ அவரை மதிப்பிடுபவள். வயதில் இளையவள். கேலியில் ஆளை உரித்துவிடும் தோழி.

அன்று பித்தப்பை அறுவை சிகிச்சை. அவருக்குக் கடைசி வாய்ப்பு.

"கிழவா, இன்னைக்கும் என்னைக் கூப்பிட்டே... உன் தீவுக்கே படகு ஏத்தி விட்டுடுவேன்." சொல்லிக்கொண்டே நெற்றியை அழுத்தித் தேய்த்தாள்.

"என்ன ஆச்சு உனக்கு?"

"தலைவலி. எல்லாம் உன்னாலதான். போ, பக்கத்து ரூம்லதான் இருக்கேன்."

அவர் சிரித்துக்கொண்டே போனார்.

பாதி வேலை நன்றாகத்தான் நடந்தது. திடீரென்று... வயிற்றுக்குள் விட்ட கேமரா காட்டும் திரை முழுக்கச் சிவப்பு.

"சிமேனா!"

செவிலி எதீத்தா வெளியே ஓடினாள். கதவு படபடவென்று ஆடி நின்றது.

அங்கே சிமேனா நின்றாள்.

முகமூடி இல்லை. அப்படி அவள் உள்ளே வந்ததே கிடையாது.

"வா, சீக்கிரம்!"

அவள் நகரவில்லை.

"நான் தொட மாட்டேன். நீயே பாரு."

நின்றது கதவருகே. குரலோ... அவர் காதோரம்.

"அழுத்து... அவசரப்படாதே... இப்ப எடு."

சின்ன ரத்தக்குழாய் தெரிந்தது.

டக். கிளிப் அதைக் கவ்விக்கொண்டது.

ரத்தம் நின்றது.

திரும்பினார்.

யாரும் இல்லை.

எதீத்தா எப்போதோ திரும்பி வந்திருந்தாள். மயக்க மருந்து டாக்டரின் காதில் ஏதோ சொன்னாள். அதன்பின் இருவரும் நவேலின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

முடிந்ததும் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார். எதீத்தா குறுக்கே நின்றாள்.

"டாக்டர்... நீங்க கூப்பிட்டதும் ஓடினேன். சிமேனா டாக்டர் தரையில கிடந்தாங்க. எல்லாரும் என்னென்னமோ பண்ணிப் பாத்தாங்க. நோயாளியை அப்படியே வெச்சுக்கிட்டு உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

"உளறாதே. கதவுகிட்ட நின்னா. பேசினா!"

"யாரும் வரல டாக்டர். மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருக்காம். நீங்க கத்தியைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடியே உயிர் போயிடுச்சாம்..."

நவேல் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். அவரும் அவளுக்குப் பக்கத்து அறையில்தானே இருந்தார். அவள் கூப்பிடவே இல்லை.

மறுநாள் காலை நோயாளியைப் பார்க்கப் போனார். எலெயுத்தேரியோ, கோரல் என்ற ஊரைச் சேர்ந்த வயதான மீனவர். சிமேனாவை ஒருமுறைகூடப் பார்க்காதவர்.

"டாக்டர், என் தலைமாட்டுல ஒரு பொண்ணு நின்னாளே, யாரு அது? 'பயப்படாதீங்க, இவர் பாத்துப்பார்'னு உங்களைக் காட்டிச் சொன்னா. முடியற வரைக்கும் என் கையை விடவே இல்ல."



மீனவர் தன் வலது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"பாவம்... ஏன் டாக்டர் அவ கை அவ்வளவு சில்லுனு இருந்துச்சு?"