சைக்கிளை விட்டு இறங்கும் இடம்

பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையத்தைச் சுற்றி இராணுவத்தினர் நாலு பேராக ரோந்து வருவார்கள். நெஞ்சுக்குக் குறுக்கே துவக்கு. அவர்களைக் கண்டதும் நான் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டத் தொடங்கிவிடுவேன். இறங்கு என்று யாரும் சொல்வதில்லை. கால் தானாக இறங்கிவிடுகிறது. ஒருமுறை ஓர் இளம் சிப்பாய், என் ரயர் காற்றுப் போய்விட்டதென்று நினைத்து, துவக்கை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டுக் குனிந்து பின்சில்லை அமத்திப் பார்த்தான். அது கல்லுமாதிரி இருந்தது. "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, மொசியே, ஏறுங்கள்" என்றான். "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டு, அவன் கண்ணுக்கு மறையும்வரை உருட்டிக்கொண்டே போனேன்.

ஊரில் சென்றிக் காவலரணைத் தூரத்தில் கண்டதுமே இறங்கவேண்டும். தொப்பியைக் கழற்றவேண்டும். கைகள் இரண்டும் தெரியவேண்டும். யோசனையில் ஏறியபடியே போன ஒருவருக்கு என்ன நடந்தது என்பதை, நான் படிப்பித்த பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்தேன். எங்கள் றோட்டில் துவக்கோடு நின்றவர்கள் காலத்துக்குக் காலம் மாறினார்கள். சீருடை மாறியது, பாஷை மாறியது, சில காலம் எங்கள் பாஷையையே பேசினார்கள். எங்களைக் காப்பாற்றத்தான் வந்தோம் என்று எல்லோருமே சொன்னார்கள். எல்லோருக்கும் முன்னால் நான் இறங்கித்தான் நடந்தேன். இப்போது, பாரிஸில் பிறந்து பதினெட்டு வயதான என் மகள் நிவேதா, துவக்குச் சுடப் பழகப் போகிறேன் என்கிறாள்.

ஆசையை ஊட்டியது என் மனைவியின் தம்பி ரூபன். அந்த ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், லாச்சப்பலில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறான். 2009இல் வன்னியில் போரின் கடைசி மாதங்களைக் கடந்து வந்தவன். போன வருஷம் கடைக்குள் புகுந்த இரண்டு பேர் அவன் கழுத்தில் கத்தி வைத்தார்கள். கடையைக் கூட்டிக் கழுவி முடித்த பிறகுதான் பொலிஸ் வந்தது. அடுத்த கிழமையே ஒரு சுடும் கிளப்பில் சேர்ந்துவிட்டான். இங்கே துவக்கு வாங்க அதுதான் நேர்வழியாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் நிவேதாவும் நாங்கள் இருக்கும் பொண்டியிலிருந்து கால்வாய்க் கரையால் சைக்கிளோட்டி அவன் கடைக்குப் போவோம். அன்று முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டே தொடங்கினான்.

"அத்தான், வன்னியிலை அங்கை போங்கோ, அங்கை பாதுகாப்பு எண்டு நோட்டீஸ் போட்டது ஆர்? அரசாங்கம். போன சனம் எங்கை? இனி ஒரு அரசாங்கத்தையும் நம்பி நான் சும்மா கையோடை நிக்கமாட்டன்."

"இது பிரான்ஸ், ரூபன்."

"இஞ்சை மட்டும் அரசாங்கத்தை ஆர் நடத்துறது? தேவர்களோ? நீங்கள் மட்டும் நம்பினனீங்களோ? பத்திரமெல்லாத்தையும் பையிலை போட்டுக் கதவடியிலை வைச்சிருக்கிறது ஆர்?"

பை இன்னமும் கதவடியில்தான் இருக்கிறது. அரசாங்கத்தை நம்பாதே என்பதுவரை அவனோடு நடந்து போகிறேன். அதற்குப் பிறகு அவன் துவக்கை எடுக்கிறான், நான் நின்றுவிடுகிறேன். துவக்கு வைத்திருப்பவனை அரசாங்கத்தைவிட ஏன் கூடுதலாக நம்பவேண்டும் என்று கேட்டால், "நான் வேறை, அவை வேறை" என்கிறான். எங்கள் றோட்டில் நின்றவர்களும் இதைத்தான் சொன்னார்கள். அலுத்துப்போய் மகளைப் பார்த்தேன். சட்டம் படிக்கிறவள், நல்லதாக ஏதாவது சொல்வாள் என்று. அவள் பிரெஞ்சில், "எனக்குப் பதினெட்டு வயது, அப்பா. அது என் சுதந்திரம்" என்றாள். இந்தச் சொல்லை இந்த நாடு பள்ளிக்கூட வாசல்களிலெல்லாம் எழுதி வைத்திருக்கிறது. அதோடு எப்படி வாதாடுவது?

வெங்காயம் வாங்க வந்த அக்கா ஒருவர் பொறுமை இழந்தார். "தம்பி, முதல் உந்தத் தராசை ஒழுங்காய்ப் பிடியும். துவக்கைப் பிறகு பிடிக்கலாம்."

ரூபன் எங்களை வழியனுப்ப வாசலுக்கு வந்தான். சட்டைப் பைகளுக்குள் கையை விட்டபடி, வீடு புகுந்தவனைச் சுடுவது நியாயம் என்று விளக்கிக்கொண்டிருந்தான். அப்போது மூலையில் அந்த ரோந்துச் சிப்பாய்கள் நாலு பேரும் திரும்பினார்கள். அவன் பேச்சு பாதியில் நின்றது. பைகளிலிருந்து கைகள் வெளியே வந்தன. கம்பளித் தொப்பி கழன்றது. ஏறியிருந்த சைக்கிளை விட்டு நான் இறங்கினேன். நிவேதா "பொன்ஜூர்" என்று வணக்கம் சொல்லி அவர்களைத் தாண்டி மிதித்துப் போனாள். அந்தப் பக்கத்தில் நின்று எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்தாள்.

"மாமா, துவக்கை எந்தக் கையாலை பிடிப்பீங்கள்? ரெண்டும் தொங்குதே."

"குளிரில்லை. அதுதான் தொப்பியைக் கழட்டினனான்" என்றான் ரூபன். அவன் வாயிலிருந்து புகைபுகையாக மூச்சு வந்துகொண்டிருந்தது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். வீடு வரும்வரை மனதுக்குள் சிரித்துக்கொண்டும் வந்தேன். ஆனால் சனிக்கிழமை காலை நிவேதா சுடும் கிளப்புக்குப் போகச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாள். இவ்வளவு பார்த்த பிறகும் ஏன் என்று கத்திவிட்டேன். அவள் குரலை உயர்த்தாமல் பிரெஞ்சில் சொன்னாள்: "மாமாவுக்காக இல்லை. நீங்கள் ரெண்டு பேரும் எதற்கு முன்னால் இறங்குகிறீர்கள் என்று ஒருதரம் கையில் வைத்துப் பார்க்கப் போகிறேன்."

சைக்கிளில் அவள் பின்னாலேயே போனேன். பொண்டிக்கு அப்பால், பட்டறைகளுக்கு நடுவில் உயரமில்லாமல் பதிந்த ஒரு கட்டடம், அதுதான் கிளப். அவள் கதவுவரை ஓட்டிக்கொண்டு போய், சைக்கிளைக் கம்பியில் பூட்டிவிட்டு உள்ளே போனாள். நான் தெரு முனையிலேயே இறங்கி உருட்டிக்கொண்டு வந்தேன். உள்ளேயிருந்து, யாரோ கம்பளம் தட்டுவதுபோல மந்தமாக வெடிச்சத்தம் கேட்கத் தொடங்கியது. அதில் எது என் மகளுடையது என்று தெரியவில்லை. வெளியே அவளுடைய சைக்கிள் பூட்டிக் கிடந்தது. அதன் பக்கத்தில், என்னுடையதைப் பூட்டாமல் பிடித்தபடி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.