சீனித்தம்பி சேர் போட்ட கையெழுத்து

சீனித்தம்பி சேருக்கு மொன்றியலில் வேலை அட்டைப்பெட்டி மடிப்பது; யோசனை முழுக்க உதைபந்து. சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் அவருக்குப் பக்கத்தில் நின்று நானும் மடித்தேன். ஓடும் பெல்ட்டில் பெட்டிகள் வரும். அவர் கண் அவற்றைத் தாண்டி எங்கோ இருக்கும். திடீரென்று வலது கால் ஒரு சாண் முன்னே போகும். யாருக்கோ பந்து கொடுத்துவிட்டார் என்று எனக்குப் புரியும். சூப்பர்வைசருக்கு என்ன தெரியும், பாவம்! நரம்புக் கோளாறு என்று நினைத்து உட்கார ஒரு கதிரை கொண்டுவந்து போட்டான்.

மட்டக்களப்பில் நான் படித்த கல்லூரியில் அவர் விளையாட்டு ஆசிரியர்; பெரிய பள்ளிக்கூடத்துக்கு அங்கே கல்லூரி என்றுதான் பெயர். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்த பழைய மாணவர்களைத் திரட்டி அணி அமைத்தார். குடிவரவு அலுவலக வரிசையில் ஆளின் முகத்தைப் பார்க்கமாட்டார், கெண்டைக்காலைப் பார்ப்பார். "எந்தக் கொலிஜ் மனே?" என்பதுதான் முதல் கேள்வி. எப்போது வந்தாய், எங்கே தங்கியிருக்கிறாய் என்பதெல்லாம் பிறகுதான். எண்பத்தாறிலும் எண்பத்தேழிலும், ஊர்க் கல்லூரிகளின் பெயரில் இங்கே அணிகள் மோதும் பழைய மாணவர் கிண்ணம் எங்களுக்கே.

நினைத்தவன் நினைத்த அணியில் ஆடுகிறான் என்று சண்டை வந்ததால் அந்தப் போட்டிக்கு ஒரு விதி வைத்திருந்தார்கள்: படித்த கல்லூரிக்குத்தான் ஆடலாம். சான்றிதழைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவன் யார்? ஆகவே ஆட்டத்துக்கு முன் வரிசையில் நின்று கல்லூரிக் கீதம் பாட வேண்டும். வரி தெரியாதவன் வெளியே. எண்பத்தெட்டில் விதியைத் தளர்த்தினார்கள். இரண்டு கல்லூரிகளில் படித்தவன் மற்ற அணிக்கு மாறலாம், ஆனால் பழைய பயிற்சியாளர் கையெழுத்து வைக்க வேண்டும்.

எங்களிடம் அப்படி இருந்தவன் கிருபானந்தன் ஒருவன்தான். எங்கள் கோல்களில் பாதி அவன் அடித்தவை. பத்தாம் வகுப்புவரை எங்களோடு படித்தான், பிறகு திருகோணமலை. அந்தத் திருகோணமலைக் கல்லூரிக்கு மொன்றியல் முழுக்கத் தேடியும் பத்துப் பேர்தான் கிடைத்தார்கள். கிருபா படிவத்தைச் சேரிடம் நீட்டினான்.

"அங்க பத்துப் பேர்தான் சேர். என்ர வகுப்பில மிச்சமா இருக்கிறதே அவங்கள்தான்."

"பாப்பம் மனே" என்று சேர் அதைச் சட்டைப் பையில் வைத்தார். இரண்டு கிழமை அது அங்கேயே கிடந்தது. கையெழுத்துப் போடவேண்டாம் என்று நானே கெஞ்சினேன். அவருக்கும் மூன்றாவது கிண்ணத்தின் மேல் அப்படி ஓர் ஆசை.

முதல் சுற்றிலேயே திருகோணமலையோடு ஆட்டம் விழுந்தது. தோற்றால் வீடு. ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை. பொப்லர் மரங்களின் பஞ்சு மைதானமெங்கும் பறந்தது. புல்லில் நடந்தவர்களும் மிதப்பதுபோல் இருந்தது. எங்கள் கீதம் முடிய, அவர்கள் பத்துப் பேரும் பாடத் தொடங்கினார்கள். எங்கள் வரிசையில், எங்கள் சிவப்புச் சட்டையோடு நின்ற கிருபாவின் உதடும் அசைந்தது. சத்தத்தை அவன் வெளியே விடவில்லை. சேர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்ததும் என் முதுகில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனா குத்தியது.

"சட்டையைக் கழட்டு மனே, அங்க போ."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கோல் காப்பவன் நான். இனி அவன் எனக்கு எதிரே வரப்போகிறான்.

ஆட்டம் முடியும் தறுவாய்வரை கோல் இல்லை. அப்போது கிருபா பந்தோடு நடுவால் வந்தான். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் மறித்தார்கள். நானும் முன்னே பாய்ந்தேன். கோட்டோரத்திலிருந்து சேரின் குரல் கேட்டது, கனவில் பேசுகிறவரின் குரல்.

"இடப்பக்கம் கிருபா! இடப்பக்கம் வெட்டு!"

அவன் வெட்டினான். அந்தக் குரல் சொன்னால் அவனுக்கு வேறெதுவும் செய்யத் தெரியாது. பந்து என்னைத் தாண்டி உள்ளே போனது.

கிருபா கை தூக்கவில்லை, கோட்டோரத்தைத்தான் பார்த்தான். அங்கே சேர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். ஆட்டம் முடிந்து விசில் ஊதியதும் அவரைத் திட்டவென்றே ஓடினேன். கிட்டப் போனால், மனிதர் அழுதுகொண்டிருந்தார். ஆனால் அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை இரண்டு கிண்ணம் எடுத்தபோதும் நான் பார்த்ததில்லை.

"நல்லா வெட்டினான், என்ன?" என்று என்னிடமே கேட்டார்.

"ஓம் சேர்" என்றேன்.