ஆறு சக்கர வண்டிக்காரர்

சேலத்திலிருந்து வந்த பேருந்தில், நெற்றி நிறையத் திருநீறோடு பக்கத்து இருக்கைக்காரர் மடிக்கணினியில் விண்வெளி விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார். தானே வடிவமைத்த ஆறு சக்கர வண்டியில் ஒரு கிரகத்தை முழுதாகச் சுற்றிவருகிறாராம்.

“ராக்கெட்டிலேயே சுற்றலாமே?” என்றேன்.

“பறந்தா சுத்துன மாதிரி ஆகுங்களா?” என்றவர், கைப்பேசி அடித்ததும் என் விரலைப் பிடித்து ஒரு பொத்தானில் வைத்தார். “இதான் ஆக்சிலேட்டருங்க. மேடு ஏறுது, உட்டா உருண்டுரும். மூணு மாசமா ஓட்டறேனுங்க.”

எரிச்சலோடு அழுத்தினேன். அவர் மனைவியிடம் சாவகாசமாகப் பேசினார். நான் இறங்க வேண்டிய ராசிபுரம் வந்து, போயும்விட்டது.

பேசி முடித்து, “நீங்க எங்கீங்க எறங்கோணும்?” என்றார்.

“ராசிபுரம்!”

“அடடா, சொல்லியிருக்கலாமுங்களே!” திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

புதுச்சத்திரத்தில் இறங்கி, வெயிலில் எதிர்ப்பேருந்துக்கு நின்றேன். ஆத்திரம் இன்னும் தீரவில்லை. ஆனால் நான் ஏன் விரலை எடுக்கவில்லை என்பதுதான் புரியவே இல்லை.