வரைபடத்தில் விடுபட்ட எல்லை மேடு

வேலையில் சேர்ந்த இரண்டாவது மாதம், 1999இல், என் கையெழுத்தோடு போகவிருந்த முதல் வரைபடத்தில் ஒரு மண்மேடு விடுபட்டுப்போனது. கண்ணுக்குத் தப்பும் அளவுக்குச் சின்னது இல்லை. என் இடுப்பு உயரம், நாலு மீட்டர் அகலம், நானூறு மீட்டர் நீளம்.

எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி, கேழ்வரகுக் காடும் தைலமரத் தோப்புமாகக் கிடந்த நிலத்தில் வீட்டுமனை லேஅவுட் ஒன்று வரவிருந்தது. நிலத்தின் ஏற்ற இறக்கங்களை அளந்து வரைவது என் வேலை. மல்லேஸ்வரத்திலிருந்து பஸ் மாறி மாறிப் போவேன். முதல்நாள் மாலையே பட்டியல் எழுதிவிடுவேன்: நாடா, முளைக்குச்சி, சுண்ணாம்பு, தொப்பி, பென்சில் இரண்டு, தண்ணீர்.

அளவுகோல் பிடிக்கும் உதவியாளர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர். இருபது மீட்டருக்கு ஒரு புள்ளி என்று வரிசை வரிசையாக அவர் போய் நிற்பார். நான் கருவி வழியே பார்த்து உயரத்தைக் குறித்துக்கொள்வேன். அந்த மேடு நிலத்தின் குறுக்கே ஓடியது. எப்போதோ ஏரியைத் தூர்வாரிக் கொட்டிய மண் என்று நினைத்தேன். அதன்மேல் நின்றால் சுற்றிலும் நன்றாகத் தெரிந்ததால், அளந்த மூன்று நாளும் கருவியை அங்கேயே நிறுத்தினேன். புள்ளிகள் மேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விழுந்தன. மேட்டின்மேல் ஒன்றுகூட விழவில்லை. அது எனக்கு உறைக்கவும் இல்லை.

திங்கட்கிழமை வரைபடம் அனுமதிக்குப் போக வேண்டும். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, சாலை வரும் இடத்தில் முளை அடிக்க நகலோடு போனோம். உதவியாளர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்ம மேடு எங்க மேடம்?"

"எந்த மேடு?"

"நீங்க நிக்கிறீங்களே, அது."

குனிந்து பார்த்தேன்.

"வரிசைக்கு ஒரு தடவ. மொத்தம் இருபத்தொரு தடவ ஏறி எறங்கியிருக்கேன். என் முட்டியக் கேளுங்க, சொல்லும். உங்க பேப்பர்ல ஒரு தடவகூட ஏறலயே!"

மேட்டுக்குக் கிழக்கே, லேஅவுட்டுக்கு விற்காத தன் காட்டில் கேழ்வரகுக்குக் களையெடுத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள் இருப்பாள். களைக்கொத்தோடு வந்து முளைகள் போகும் திசையைப் பார்த்தாள். அவை நேராக மேட்டை வெட்டிக்கொண்டு போயின.

"ஹௌதா? நெசமாவா? மேட்ட எடுத்துடுவாங்களா?"

நான் நகலை மடித்து வைத்ததிலேயே புரிந்துகொண்டாள்.

"மேடம், இது எல்லை. இங்க எங்க ஊரு, அங்க அவங்க ஊரு. யாரு போட்டாங்கன்னு எங்க ரெண்டு ஊருலயும் யாருக்கும் தெரியாது."

மேட்டின் சரிவில் பாதி புதைந்து கிடந்த நடுகல்லைக் காட்டினாள். வில் பிடித்த ஆள் ஒருவன் தேய்ந்துபோய்த் தெரிந்தான். ஒவ்வொரு வருஷமும் முதல் உழவுக்கு முன்னால், இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே நாளில் வந்து, மழையில் கரைந்த இடத்தில் மண் கொட்டுவார்களாம். அவரவர் நிலத்து மண், ஆளுக்கு ஒரு கூடை.

"ஒரு பக்கம் மட்டும் கொட்டிக்கினே இருந்தா மேடு நகந்துடும்ல? அதான் ரெண்டு பேரும்," என்றாள். பிறகு, "மழத் தண்ணி இத ஒட்டித்தான் ஏரிக்குப் போவுது. இது போச்சுன்னா மொத்தமும் என் காட்டுல வந்து உக்காரும்."

பஸ்ஸில் நோட்டைத் திறந்து மூன்று வழிகளை எழுதினேன். ஒன்று, பேசாமல் இருப்பது. இரண்டு, இருக்கும் அளவுகளுக்கு நடுவே ஊகமாக ஒரு கோடு போடுவது. மூன்று, சொல்லிவிடுவது. முதல் இரண்டையும் அடிப்பதற்குள் மல்லேஸ்வரம் வந்துவிட்டது.

சனிக்கிழமை மேலதிகாரியின் மேசைமுன் நின்றேன்.

"யாரோட தப்பு?" என்றார்.

"என்னோடது சார். கருவிய அதுமேலதான் வெச்சிருந்தேன்."

"அப்ப சுத்தி எல்லாம் நல்லா தெரிஞ்சிருக்குமே!" என்று சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை நிறுத்தினார். "நாளைக்குப் போய் அளந்துட்டு வாங்க. திங்கக்கிழமைங்கறது மாறாது."

ஞாயிற்றுக்கிழமை உதவியாளர் மேட்டின் முதுகிலேயே நடந்தார். ஐந்து மீட்டருக்கு ஒரு புள்ளி. மேற்கே அதை ஒட்டி ஒரு பள்ளம் ஓடியதும், நடுகல் கிடந்த இடத்தில் மேடு லேசாக வளைந்ததும் அன்றுதான் தெரிந்தன. உயரக் கோடுகளைக் கால் மீட்டர் இடைவெளியில் வரைந்தபோது, அதுவரை வெறுமையாக இருந்த தாளில் மேடு நீளமாக எழுந்து வந்தது.

திங்கட்கிழமை காலை மேலதிகாரி அதை மேசைமேல் விரித்துப் பார்த்தார். லேஅவுட்டின் மூலையில் சதுரமாகப் போட்டிருந்த பூங்காவை ரப்பரால் அழித்தார்.

"பார்க்குக்கு எப்படியும் எடம் விட்டாகணும். அது சதுரமா இருக்கணும்னு யாரு சொன்னா?"

மேடும் பள்ளமும் அடங்குமாறு நீளமாகப் பூங்கா வந்தது. மாட்டுவண்டி போய்ப் போய் மேடு ஏற்கெனவே தாழ்ந்திருந்த இடத்துக்குச் சாலையை நகர்த்தினோம். திங்கட்கிழமை வரைபடம் போனது. என் கையெழுத்தோடுதான்.

அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன். முகம் மலர்ந்தது. அடுத்து ஒன்று கேட்டாள்.

"அந்தப் பக்கத்து நெலமெல்லாம் வித்தாச்சே மேடம். இனிமே அவங்க கூடைய யாரு கொண்டாருவா?"

நோட்டில் அந்தக் கேள்வியையும் எழுதிக்கொண்டேன். அந்தப் பக்கத்தில் டிக் போடாமல் நின்றது அது ஒன்றுதான்.

அடுத்த இரண்டு வருஷம் மேற்கிலிருந்து யாரும் வரவில்லை. ஒருவர் மட்டும் கொட்டக் கூடாது என்பதால் அவளும் கொட்டவில்லை. ஓரிடம் முழங்கால் அளவுக்குக் கரைந்திருந்தது. மூன்றாம் வருஷம் லேஅவுட்டில் முதல் வீடு எழுந்தது. அவளே அந்த வீட்டுக் கதவைத் தட்டி விஷயத்தைச் சொல்லிவிட்டு, எங்கள் ஆபீசுக்கும் போன் செய்தாள். நானும் உதவியாளரும் போனோம்.

வீட்டுக்காரர் பெயின்ட் பக்கெட் நிறைய, தண்ணீர்த் தொட்டிக்குத் தோண்டிய மண்ணைச் சுமந்து வந்தார். பின்னாலேயே அவர் மனைவி.

"கூடன்னா கூடதான். பக்கெட்டு செல்லுமா?" என்றார் உதவியாளர்.

"சும்மா இருங்கண்ணா. நீங்க கொட்டுங்க சார்," என்றாள் காட்டுக்காரப் பெண், தன் கூடையைச் சாய்த்தபடி.

இரண்டு மண்ணும் ஒரே பள்ளத்தில் விழுந்தன. ஒன்று சிவப்பு, ஒன்று சாம்பல் நிறம். அவள் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தினாள். வீட்டுக்காரரும் செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்தார்.

"அடுத்த வருஷமும் கொண்டுவரணுமா?"

"வருஷா வருஷம்."

அவர் பக்கெட்டைத் தட்டி, ஒட்டியிருந்த மண்ணையும் உதிர்த்துவிட்டு மனைவியிடம் நீட்டினார்.

"இதத் தூக்கிப் போட்டுடாத. கழுவி வை."