திருப்பிப் போட்ட கதிர்விரிப்பான்

இன்று காலை நடந்தவை:

1. கண்ணாடி வில்லை துடைக்கும் ஸ்பிரிட் போத்தலைத் திறந்தேன்.
2. அந்த வாசம் மூக்கில் ஏறியது.
3. துடைக்க வந்ததை மறந்து, சீனன்குடாப் பக்கத்தில் நான் முதன்முதலில் வேலை செய்த நீள ஆய்வறைக்குப் போய்விட்டேன்.

பட்டியல் போடாமல் எனக்கு நினைவுகூட வராது, மன்னியுங்கள்.

அந்த அறைக்கு ஒரு சட்டம் இருந்தது: ஒரு முனையில் மின்சாரம், மறுமுனையில் தண்ணீர். லேசர் கதவோரம். கொட்டியாரக் குடாவிலிருந்து எடுத்துவரும் கலங்கல் நீர் ஜன்னலோரம், பென்சில் பருமன்கூட இல்லாத கண்ணாடிக் குழாயில். நீரைக் கடந்தபின் ஒளி எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளக்க வேண்டும். கதிரோ குழாயைவிடத் தடிப்பு. மறுநாள் கொழும்பிலிருந்து மேலதிகாரி வருகிறார். அளவு சரிவந்தால்தான் கிண்ணியாவிலிருந்து வந்துபோகும் என் தோழி ரிசானாவின் தற்காலிக வேலை நீடிக்கும்.

அலுமாரியில் ஒரு கதிர்விரிப்பான் கிடந்தது. மெல்லிய கதிரை அகலமாக்கும், இரண்டு வில்லைகள் கொண்ட குழல். திருப்பிப் போட்டால் சுருக்கும் என்றேன்.

"புட்டுக்குழலத் திருப்பிப் பிடிச்சா புட்டு மாவாகுமா அக்கா?" என்று கேட்டாள் ரிசானா.

சுருங்கினால் சூடு ஓரிடத்தில் குவியும் என்பதால் லேசரின் வலுவைக் குறைத்துவிட்டுத் திருப்பிப் பொருத்தினேன். முன்னால் பிடித்த கடதாசியில் கடுகளவு சிவப்புப் புள்ளி! இருவரும் கைகொட்டினோம். ஜன்னலோரம் போய்ப் பார்த்தால் அது குழல் பொருத்துமுன் இருந்ததைவிடத் தடித்திருந்தது. எத்தனை மடங்கு சுருக்குகிறோமோ, அத்தனை மடங்கு வேகமாக விரியும். படித்ததுதான்; சந்தோஷத்தில் மறந்துவிட்டேன்.

"அப்ப தண்ணிய இஞ்ச கொண்டு வருவம்," என்றாள் ரிசானா.

"ஏலாது. ஒரு சொட்டு லேசரில விழுந்தாலும் உம்மட வேலை போயிரும்."

"கொண்டு வராட்டியும் போகும்தானே?"

தன் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியை லேசரருகே மல்லாத்தி வைத்து, அதற்குள் குழாயை நிறுத்தினாள். சிந்தினாலும் மூடியோடு நிற்கும். மத்தியானம் சோற்றோடு சாப்பிட்ட மீன் ஆணம் அதில் மணத்தது. கதிர் கண்ணாடியின் ஓரம் தொடாமல் நீருக்குள் புகுந்து வந்தது. ஒளியை அளக்கும் மானியில் எண் அசையாமல் நின்றது.

"மூச்சு விடாதீங்க அக்கா!"

மறுநாள் மேலதிகாரி எண்ணைப் பார்த்தார், மூடியையும் பார்த்தார். மணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அந்த அறையை இடித்துவிட்டார்கள். லேசர் பழைய இரும்போடு போய்விட்டது. புதிய கருவியில் கதிர் சுருங்குவது உள்ளே எங்கோ நடக்கிறது. யார் கண்ணிலும் படுவதில்லை. ரிசானா நிரந்தரமாகிவிட்டாள். குடாவின் நீர்ச் சோதனைக்கு இப்போது அவளே பொறுப்பு.